மழை இல்லாத மாதத்து ஒழுகல்

படுத்திருப்பவரை எழுப்பாமலே ஈர விரிப்பை உருவ ஒரு முறை உண்டு. அவரை ஒருக்களித்துச் சாய்த்து, நனைந்த பக்கம் உள்ளே போகும்படி விரிப்பை முதுகோரமாகச் சுருட்டி வைக்க வேண்டும். பிறகு அவரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அந்தப் பக்கம் போய் இழுத்தால் விரிப்பு சிக்காமல் கையோடு வந்துவிடும். கறாரக்காவின் கைகள் அன்று காலையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. புதிய விரிப்பு ஒரு கையில், பழையது மறு கையில். முகத்தில் ஒன்றும் இல்லை.

முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது அவள் படித்த பாடம். இளவயதில் பயிற்சி கொடுத்த மேட்ரன், புதிதாகச் சேர்ந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்வாள்: "மூஞ்சியைச் சுளிக்காதே. மூக்கை உறிஞ்சாதே. 'என்னாச்சு'ன்னு கேக்காதே. விரிப்பை மாத்து, பேச்சை மாத்து." நனைத்துவிட்டவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கறாரக்கா அந்தப் பாடத்தை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். இன்று சொந்தமாக ஒரு வீட்டை எடுத்து, வயதானவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்கு வரும் ஒவ்வொருத்திக்கும் முதல் நாள் அவள் சொல்லிக்கொடுப்பது, எதையும் முகர்ந்து பார்க்காதே என்பதுதான்.

கறாரக்கா என்பது அவள் இல்லாதபோது சொல்லும் பெயர். மாத்திரை நேரம் தவறினால் கடிகாரத்தையே திட்டுபவள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் செருப்போடு உள்ளே வந்தால் செருப்பு மட்டும் வெளியே போகாது, ஆளும் சேர்ந்து போகும். ஆனாலும் அவள் வீட்டில் ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் தலை கொஞ்சம் நிமிரும்.

கட்டிலில் இருந்தவர் தையல்காரர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. நாலைந்து சொற்கள் நாக்கில் தங்கியிருந்தன. "ஆமா", "இல்ல", "போதும்" என்பார். கொஞ்ச காலமாக "மேலே" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றும் சொன்னார். நல்லபடியாக இருந்த இடக்கையைத் தூக்கி, விரலை நீட்டி, "மேலே" என்றார்.

"மேலேயா? என்ன அவசரம் ஐயா?" என்றாள் கறாரக்கா, தலையணை உறையை மாற்றிக்கொண்டே. "மேலே இடம் காலி இல்லையாம். உங்க நம்பர் வந்ததும் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் இங்கதான்."

வெளியே தாழ்வாரத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் சிரித்தார். ஓய்வு பெற்றவர், முட்டி போனவர், வாய் போகாதவர். "அவரு நம்பரு எனக்குப் பின்னாடிதான். வரிசையில நின்னு வரச் சொல்லு" என்றார். சமையல்காரம்மாவும் அடுப்படியிலிருந்து சிரித்தாள். அந்த வீட்டில் அது தினசரிச் சிரிப்பாகிவிட்டது. தையல்காரர் "மேலே" என்பார், யாராவது ஒருவர் "நம்பர் வந்துச்சா?" என்பார்.

தையல்காரர் மட்டும் சிரிக்கமாட்டார். கையை இறக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

அவர் அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போக வந்தவர். ஆளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியதும் மகள் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மகள் வீடு சிறியது. மருமகன் கெட்டவர் அல்ல, ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டார்: "நடக்கிறாரோ இல்லையோ, கூட்டிட்டு வா. படுக்கையை நனைக்கிறதுன்னா மட்டும் நம்ம வீட்ல முடியாது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்." நியாயம்தான். தையல்காரரும் காலை ஊன்ற ஆரம்பித்தார். மகள் அறையை ஒழித்துவைத்தாள். போகும் நாள் நெருங்கியபோதுதான் விரிப்பு நனையத் தொடங்கியது. நட்டநடு இடுப்புக்கு நேராக, விடிகாலையில், அநேகமாகத் தினமும்.

கறாரக்கா ஒளித்துமறைக்கிறவள் இல்லை. மகள் வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னாள்.

"கட்டுப்பாடு போயிடுச்சும்மா. இந்த நோயில இது சகஜம். மறைச்சு அனுப்பினா நாளைக்கு நீங்கதான் கஷ்டப்படுவீங்க."

"திரும்ப வருமாக்கா?"

"வர்றதும் உண்டு, வராததும் உண்டு. வீட்டுக்குப் போற பேச்சை இப்போதைக்கு விட்டுருங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் "இல்ல" என்றார். "இல்ல. மேலே." மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளிலிருந்து தையல்காரருக்கு டயப்பர் வந்தது. ஊரெல்லாம் உடுத்த அளவெடுத்துத் தைத்துக்கொடுத்த மனிதர் அந்தப் பஞ்சுப் பொதியைப் பார்த்த பார்வையைக் கறாரக்கா கவனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. கவனித்தாள். பழகிவிடும் என்று நினைத்தாள். எல்லாரும் பழகியிருக்கிறார்கள்.

டயப்பர் கட்டிய பிறகும் விரிப்பு நனைந்தது. "சைஸ் சரியில்ல" என்று பெரியதாக வாங்கினாள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தாழ்வாரத்துக் கூரையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, ஒரு நாள் பகலில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, கணக்கு டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"எனக்கு நம்பர் வந்துருச்சு போல" என்றார் டீச்சர்.

கறாரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் தலையில் காரை விழுந்தால் என்ன ஆவது? போன மழையில் இறங்கிய ஈரம் இப்போது வேலையைக் காட்டுகிறது, அடுத்த மழைக்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஆளைக் கூப்பிட்டாள். முதலில் வந்த வாட்டர்ப்ரூஃப்காரர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, "மொத்த மாடியையும் கொத்திட்டுப் புதுசாப் போடணும்" என்றார்.

"மாடிக்குப் போகாமலேயா?" என்றாள் கறாரக்கா.

"நமக்கு அனுபவம் இருக்குக்கா. பார்த்தாலே தெரியும்."

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுறானாம்" என்று உள்ளேயிருந்து டீச்சர் குரல் கேட்டது. வாட்டர்ப்ரூஃப்காரர் போய்விட்டார்.

இரண்டாவதாக வந்தவர் ஏறினார். ஏறியவுடன் இறங்கினார். கொத்தவே வேண்டாம், மேலே தார்ஷீட்டு ஒட்டினால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்றார். அவர் விற்பது தார்ஷீட்டு.

"விக்கிறவன்கிட்ட வேணுமான்னு கேட்டா, வேணாம்னா சொல்லுவான்?" என்றார் டீச்சர். "மருந்துக்கடையில போயி எனக்கு என்ன நோவுன்னு கேக்குற மாதிரி இருக்கு. பார்த்துச் சொல்றதுக்குன்னே ஆள் இருப்பாங்க, தேடு."

தேடினாள். ஒரு இன்ஜினியரம்மா கிடைத்தார். கட்டடத்தைச் சோதித்துச் சொல்வது மட்டும்தான் அவர் தொழில். போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நான் பூச மாட்டேன். ஆளும் அனுப்ப மாட்டேன். எங்க, எதனால, என்ன செய்யணும்னு மட்டும் சொல்வேன். எனக்கும் பூசுற தொழில் இருந்துச்சுன்னா, எல்லாக் கூரையும் ஒழுகுற மாதிரிதான் எனக்குத் தெரியும்."

இந்தப் பேச்சு கறாரக்காவுக்குப் பிடித்தது. நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஜினியரம்மா வந்தது நல்ல வெயில் நாள். நடுத்தர வயது, வெட்டிய முடி, தோளில் கனமான பை. டீ வேண்டாம் என்றார். மாடிக்குப் போய் ஒரு கழியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் 'டங்' என்றது, உள்ளே பூச்சு விட்டுப்போன இடத்தில் 'தொப்' என்றது. 'தொப்' வந்த இடத்தையெல்லாம் சாக்குக்கட்டியால் வளைத்தார். கறாரக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். வளையங்கள் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே கூட்டம் போட்டன. மாடியின் மற்ற பக்கம் சுத்தமாக இருந்தது.

"மொத்தமா கொத்தச் சொன்னாங்களே?" என்றாள்.

"சொல்லுவாங்க. கொத்த வேண்டியது இவ்ளோதான்." இன்ஜினியரம்மா சாக்குக்கட்டி வளையங்களைக் காட்டினார். "ஆனா இது மழைத்தண்ணி வேலை இல்லை. மழைன்னா சரிவு எங்க இருக்கோ அங்க ஊறியிருக்கும். தொட்டியை எப்போ நிரப்புவீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி. நானே எழுந்து மோட்டார் போடுவேன்."

"நிறைஞ்சது எப்படித் தெரியும்?"

"மாடியில தண்ணி கொட்டுற சத்தம் அடுப்படிக்கே கேக்கும். வேலையை முடிச்சுட்டு வந்து நிறுத்திடுவேன். முன்னெல்லாம் சரியாக் கேக்காது. இப்போ நல்லாக் கேக்குது, ரொம்பச் சௌகரியம்."

இன்ஜினியரம்மா திரும்பிப் பார்த்தார். "மாடியில கொட்டக் கூடாதேம்மா. வழியுற தண்ணி குழாய் வழியா கீழதானே போகணும்?"

இருவரும் தொட்டிக்குப் பின்பக்கம் போனார்கள். தொட்டியின் கழுத்திலிருந்து வரும் குழாய் பாதியில் அந்தரத்தில் நின்றது. கீழே போகும் குழாய் அதற்கு நேராக வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. நடுவில் இரண்டையும் சேர்க்கும் வளைவுத் துண்டு உடைந்து, கைப்பிடிச் சுவரோரம் கிடந்தது. கோடை தொடக்கத்தில் வாசலுக்குக் கேமரா மாட்ட வயர் இழுத்தவர்கள் மிதித்திருக்க வேண்டும். வேறு யாரும் மாடிக்கு வரவில்லை.

"மோட்டாரைப் போடச் சொல்லுங்க. வழியுற வரைக்கும் ஓடட்டும். எங்க இறங்குதுன்னு கீழ போய்ப் பார்ப்போம்."

சமையல்காரம்மா மோட்டாரைப் போட்டாள். தொட்டி நிறைந்து தண்ணீர் சளசளவென்று தளத்தில் கொட்டியது. இன்ஜினியரம்மா கீழே இறங்கி வந்து, சாக்குக்கட்டி வளையம் வீட்டுக்குள் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று அடி வைத்து அளந்தார். தாழ்வாரத்தைத் தாண்டி, தையல்காரரின் அறைக்குள் போனார்.

தையல்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கட்டில் காலி. காலையில் போட்ட புதிய விரிப்பு, கறாரக்காவின் கைவேலை, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. மேலே வழுவழுவென்ற வெள்ளை பிளாஸ்டிக் பலகைகள். துடைத்தால் பளிச்சென்று இருக்கும், ஒட்டடை பிடிக்காது என்று அவளே ஆசையாகப் போட்டது.

"இதைப் போட்டதுல கறை தெரியாமப் போச்சு" என்றார் இன்ஜினியரம்மா. "பிளாஸ்டிக்ல தண்ணி நின்னாலும் கறை விழாது. எங்க இணைப்பு இருக்கோ அங்க சொட்டும். அவ்வளவுதான்."

அண்ணாந்து நின்றார்கள். கணக்கு டீச்சர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். சமையல்காரம்மா அவருக்குப் பின்னால். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பலகைகள் சேரும் கோட்டில் ஒரு துளி கூடியது. பருத்தது. தொங்கியது. விழுந்தது.

விரிப்பின் நட்டநடுவில் விழுந்தது. அடுத்தது அதே இடத்தில். ஈரம் வட்டமாகப் பரவ ஆரம்பித்தது. அந்த வட்டத்தைக் கறாரக்காவுக்குத் தெரியும். அதன் அளவு தெரியும், இடம் தெரியும். தினமும் காலையில் அதைத்தான் உள்ளே மடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க யார் படுக்கிறது?" என்றார் இன்ஜினியரம்மா.

"இவர்தான்."

"இவர் ஒண்ணும் சொல்லலையா?"

ஜன்னலோரத்திலிருந்து இடக்கை எழுந்தது. விரல் நீண்டது.

"மேலே" என்றார் தையல்காரர்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சமையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கறாரக்காவுக்கு முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்ற பாடம் மறந்துபோனது. காதெல்லாம் சுட்டது. 'மேலே இடம் காலி இல்லையாம்' என்று தான் சொன்னது தன் குரலிலேயே திரும்பக் கேட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, அதற்கு அர்த்தம் அன்றுதான் தெரிந்தது. பூமி பிளக்கவில்லை. துளி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

இன்ஜினியரம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஏணியைப் போட்டு ஏறி, திருப்புளியால் ஒரு பலகையைக் கழற்றினார். மேலே தேங்கியிருந்த தண்ணீர் ஒரு குவளை அளவுக்குக் கட்டிலில் ஊற்றியது.

"அறிக்கையில எழுதணும். எப்போலேருந்து சொட்டுது?"

"இப்பத்தான் பாக்கறோம்" என்றாள் கறாரக்கா. வாய் அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

இன்ஜினியரம்மா கழற்றிய திருகாணியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. "இது இப்பத்தான் பிடிச்சதா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சொல்லலைன்னா தெரியாதுன்னு எழுதிடுவேன். ஆனா காலம் தெரிஞ்சாத்தான் உள்ளே கம்பி எவ்வளவு கெட்டிருக்கும்னு சொல்ல முடியும். தலைக்கு மேல இருக்கிற விஷயம்."

தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரும் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் வாயைத் திறந்திருந்தால் கூடக் கறாரக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் திறக்கவில்லை.

"கோடை ஆரம்பத்திலேருந்து" என்றாள் கறாரக்கா. "தினமும். விடிகாலையில. மோட்டார் போட்ட பிறகு." பிறகு, யாரும் கேட்காமலே, "நான் போட்ட பிறகு" என்றாள்.

இன்ஜினியரம்மா மற்ற அறைகளையும் பார்த்தார். வேறு எங்கும் கோளாறு இல்லை என்றார். குழாயில் வளைவுத் துண்டை மாட்டி, தொட்டியைச் சுற்றிக் கொத்திப் பூசி, கம்பியைச் சுரண்டித் துரு எடுத்தால் போதும். அதுவரை அந்த அறையில் யாரையும் படுக்கவைக்க வேண்டாம், தொட்டியை வழியவிட வேண்டாம். சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நேர்மையான ஆள்தான். வந்த வேலையைச் செய்தார். கறாரக்காவுக்குத்தான், அவரும் மற்றவர்களைப் போல ஏதாவது ஒரு பொய் சொல்லி மொத்த மாடியையும் கொத்தச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது.

துணி துவைக்கும் இடத்தில் காலையில் உருவிய விரிப்பு வாளியில் கிடந்தது. இன்னும் சோப்புத்தண்ணீர் ஊற்றவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். விரிப்பை எடுத்து, நனைந்த இடத்தைத் தேடி, மூக்கோடு வைத்தாள். இத்தனை வருஷ வேலையில் செய்யாத காரியம். சுண்ணாம்பு வாசனை அடித்தது. கொஞ்சம் துரு. புதுச் சுவரில் தண்ணீர் தெளித்தால் வருமே, அது. வேறு ஒன்றும் இல்லை.

ஒரு தடவை முகர்ந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மனிதரின் மானத்தைக் காப்பாற்றத்தான் முகராமல் இருந்தாள். அதைக் காப்பாற்றிய லட்சணம் இது. பூசுகிறவனுக்கு எல்லாக் கூரையும் ஒழுகும் என்றால், விரிப்பு மாற்றுகிறவளுக்கு எல்லா ஈரமும் ஒரே ஈரம்தான்.

அதைவிடக் கேவலமான ஒன்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. டயப்பருக்கு முன்னால் தையல்காரர் இடக்கையால் கட்டிலைத் தட்டிக் கூப்பிடுவார். யூரின் கேனைக் கொண்டுபோய்ப் பிடித்தால் அதில் போவார். டயப்பர் வந்த பிறகு அவர் தட்டினால், "அதான் கட்டியிருக்கே ஐயா, அதுலயே போங்க" என்று பதில் போயிற்று. யார் சொன்னது? எல்லாரும்தான். அவள் சொல்லிக்கொடுத்துத்தான். அவர் எவ்வளவு நாள் அடக்கிப் பார்த்தாரோ. பிறகு தட்டுவதை விட்டுவிட்டார். இப்போது டயப்பரின் உள்பக்கம் நிஜமாகவே நனைகிறது. இல்லாத குற்றத்தைச் சுமத்தி, அதைச் செய்யவும் பழக்கிவிட்டாள்.

சாயங்காலம் தையல்காரரை டீச்சர் அறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். கறாரக்கா கட்டிலோரம் நின்றாள். அடுத்தவர் கூச்சத்தைத் தணிக்க அவளிடம் ஆயிரம் பேச்சு உண்டு. தன்னுடையதற்கு ஒன்றுகூட இல்லை.

"ஐயா, தப்பு என்னோடது. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் காது இருந்தும் கேக்கலை."

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"மகள்கிட்ட நானே சொல்றேன்."

"போதும்" என்றார். இதைப் பேசியது போதும் என்றா, மகளிடம் சொன்னதே போதும் என்றா, அவள் மூஞ்சியைப் பார்த்தது போதும் என்றா? மூன்றுக்கும் நியாயம் இருந்தது. அவள் வெளியே வந்துவிட்டாள். மகளைக் கூப்பிடப் போனை எடுத்தாள், வைத்தாள். நாளைக்குப் போடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டாள். ஆனாலும் போடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுத் தானே மாடிக்கு ஏறினாள். மூடியைத் திறந்து தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே நின்று, விளிம்புக்கு வருவதற்கு முன்பே, "நிறுத்து!" என்று கீழே கத்தினாள். தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு யூரின் கேனை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனாள். விரிப்பு காய்ந்திருந்தது. டயப்பரை அவிழ்க்கக் கையை நீட்டினாள். அவர் இடக்கையால் அவள் கையைத் தள்ளினார்.

"இல்ல."

"நான் வேணாமா?"

"இல்ல."

சமையல்காரம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு அவள் தாழ்வாரத்தில் நின்றாள். அந்த வேலையில் அவளை யாரும் இதுவரை வேண்டாம் என்று தள்ளியதில்லை. உள்ளே சமையல்காரம்மா, "அவசரமே இல்லங்கய்யா, அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்று சொல்வது கேட்டது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. டீச்சர் தன் அறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். கடைசியில் சத்தம் கேட்டது. கொஞ்சம்தான். விட்டு விட்டு.

சமையல்காரம்மா கேனோடு வெளியே வந்தாள். கறாரக்கா அதை வாங்கி, தானே கழுவிக் கவிழ்த்தாள்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடத்தில் கூடியபோது, அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "எல்லாரும் கேளுங்க. தையல்கார ஐயா படுக்கையை நனைக்கலை. கூரை ஒழுகிச்சு. அவர் தினமும் சொன்னார். நான்தான் கேலி பண்ணினேன். நீங்க சிரிச்சதும் நான் ஆரம்பிச்சு வெச்சதாலதான்."

"எனக்குச் சிரிக்க யாரும் சொல்லித்தரல" என்றார் டீச்சர். "நானா சிரிச்சேன்." பிறகு தையல்காரர் பக்கம் திரும்பி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்றார். தையல்காரர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

அங்கேயே, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மகளைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, காலையிலேயே? அப்பாவுக்கு என்ன?" என்றாள் மகள் பதறி.

"அப்பா நல்லா இருக்கார். நான்தான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்." ஒன்று விடாமல் சொன்னாள். கூரை, குழாய், மோட்டார். கட்டிலைத் தட்டியும் கேன் கொண்டுபோகாதது. இப்போது பழக்கம் விட்டுப்போயிருப்பது.

"அப்பா முன்னாடியே சொன்னீங்களேக்கா" என்றாள் மகள். "அவரு இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானும் உங்க பேச்சைத்தான் நம்பினேன்."

"ஆமாம்மா."

"வீட்டுக்கு வந்தா திரும்ப நனைக்க மாட்டாரா?"

"முதல்ல கொஞ்ச நாள் நனைப்பார். அது நான் பண்ணின வேலை. தினமும் காலையில உங்க வீட்டுக்கு நானே வர்றேன். நேரத்துக்கு நேரம் கேன் பிடிச்சுப் பழக்கிவிடறேன். துணியும் நானே துவைக்கிறேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நானே பேசறேன்."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பேசினது போதும்." அப்பாவின் சொல் மகள் வாயிலும் வந்தது. பிறகு குரல் மாறியது. "அப்பா, கேக்குதா? சாயங்காலம் வண்டியோட வர்றேன்."

தையல்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். "ஆமா" என்றார். திரும்பவும், சத்தமாக, "ஆமா" என்றார்.

"நான் வர்றப்போ அப்பாவுக்குப் பேன்ட் போட்டு வெச்சிருங்க, அந்தப் பஞ்சுமூட்டை வேணாம்" என்று சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

கறாரக்கா அலமாரியின் அடியிலிருந்து அவருடைய சாம்பல்நிறப் பேன்ட்டைத் தேடி எடுத்தாள். அவரே தைத்தது. மடிப்பெல்லாம் கலைந்து கசங்கிக் கிடந்தது. கூடத்து மேஜையில் போர்வையை விரித்து, இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, அவர் நாற்காலிக்கு முன்னாலேயே தேய்க்க ஆரம்பித்தாள். முடித்துத் தூக்கிக் காட்டினாள். அவர் இடக்கை விரலால் மடிப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். கோடு முழங்காலுக்குக் கீழே ஒரு நூல் விலகியிருந்தது.

"இல்ல" என்றார்.

அவள் தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்தாள். காட்டினாள்.

"இல்ல."

டீச்சர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கறாரக்கா பேன்ட்டைத் திருப்பிப் போட்டு, தையலோடு தையல் சேர்த்துப் பிடித்து, இன்னொரு முறை தண்ணீர் தெளித்தாள்.